கிண்ணத்தில் வெட்டிய பேர்

முத்துச்செல்வி வீட்டில் டிவிக்கு மேலே இருந்த பலகையில் ஓர் எவர்சில்வர் உருண்டை இருந்தது. அது தினமும் காலை ஏழே காலுக்கு இரண்டு தடவை இருமும். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும். அதற்கப்புறம் மத்தியானம் பன்னிரண்டரை வரை சர்க், சர்க் என்று சலித்துக்கொண்டே இருக்கும். வெடிமருந்து சலிக்கிற சத்தம் அது. புதுக்கரிசல்பட்டியில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. வெம்பக்கோட்டை அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று விசாரிக்கிற மாதிரி, தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "என்ன முத்து, ஒன் உருண்ட இருமிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

உருண்டையைச் செய்தது அவள்தான். கல்யாணத்துக்கு வாங்கிய ஹோம் தியேட்டரின் மரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே இருந்த ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் இல்லை. வேறு பெட்டிக்கு என்ன வழி என்று போனில் தேடியபோது, எந்த நாட்டிலோ ஒரு தாடிக்காரர் சமையல் கிண்ணம் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டி, அதற்குள் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசியதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு அரை உருண்டைகளை ஒட்டி முழு உருண்டை ஆக்குவதுதான் முத்துச்செல்வியின் பிழைப்பே. மேலே போய் விரிகிற பேன்சி வெடிகளுக்கான காகித அரைகளைக் கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து நாளுக்கு இருநூறு உருண்டை ஒட்டுவாள். மருந்து போக ஒரு துளையை மட்டும் விட்டுவிடுவாள். மருந்து ஏறுவது கம்பெனியில். மருந்தைச் சலிப்பதும் கலப்பதும் அவள் புருஷன் காளீஸ்வரனைப் போன்ற ஆட்களின் வேலை.

சமையல்கட்டில் ஒரே அளவில் இரண்டு குழம்புக் கிண்ணங்கள் கிடைத்தன. ஒன்று புதுசு. இன்னொன்றில் விளிம்புக்குச் சற்றுக் கீழே காளீஸ்வரன் என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் பாத்திரங்கள் மனிதர்களைவிட அதிகமாக ஊர் சுற்றும். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சொந்தக்காரர்கள் வாளியும் கிண்ணமும் கொடுத்தனுப்புவார்கள். பேர் வெட்டாத பாத்திரம் போனால் போனதுதான். இந்தக் கிண்ணமும் வெம்பக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்ததுதான். புதுக் கிண்ணத்தின் அடியில் வெல்டிங் கடைக்காரரிடம் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்டி வாங்கினாள். பேர் வெட்டிய கிண்ணத்தைப் பின்பக்கம் வைத்து, ஒயர் போக அதில் ஒரு துளை போட்டாள். உள்ளே பழைய தலையணைப் பஞ்சை அடைத்தாள். கம்பெனி உருண்டைக்கு ஒட்டுகிற மாதிரியே இரண்டும் சேர்கிற இடத்தில் நாலு சுற்றுக் காக்கிக் காகிதம் ஒட்டினாள். வெட்டிய பேர் காகிதத்துக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிற சாமானுக்குப் பேர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

பசை காய்ந்த மறுநாள் காலையில் ஆம்ப்ளிபையர் போர்டுக்குக் கரண்ட் மட்டும் கொடுத்தாள். போனை இன்னும் இணைக்கவில்லை. உருண்டை இருமியது. தண்ணீர் குடித்தது. சலிக்க ஆரம்பித்தது. முத்துச்செல்வி பசைக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இல்லை. அழுகைதான் வந்தது. கம்பெனிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலை ஆறு மணிக்கு வேன் ஏறுகிற ஆள் சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்குகிற வரைக்கும் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக ஒரு காதைத் தெருவில் வைத்துவிட்டுத்தான் அவள் வீட்டு வேலை பார்த்தாள். கல்குவாரியில் வேட்டுப் போட்டாலும், பாலத்தில் லாரி டயர் வெடித்தாலும், நெஞ்சு ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் ஓடும். இப்போது அந்த ஆளே பலகை மேல் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் அன்று மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஊரில் நாற்பது உருண்டைகள் ஆகிவிட்டன. கிண்ணத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவர் சத்தம்தான் கேட்கும் என்பதைப் பெண்களே கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் மதினி, எடுத்த எடுப்பில் கைக்குக் கிடைத்த கிண்ணத்தை ஒட்டிவிட்டாள். அதில் 'அன்பளிப்பு: ராஜபாண்டியன், விருதுநகர்' என்று இருந்ததை அவள் பார்க்கவில்லை. விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அந்தப் பெரிய மனிதர் காலையெல்லாம் தும்மினார், மத்தியானமெல்லாம் குறட்டை விட்டார். மதினி வேறு கிண்ணத்தில் புருஷன் பேரை வெட்டி இன்னோர் உருண்டை செய்துகொண்டாள். ஆனாலும் பழையதைப் பிரிக்கவில்லை. அந்தக் குறட்டைக்குப் பேரன் நன்றாகத் தூங்குகிறானாம். சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார். அரை மணி நேரம் கேட்டார். 'எவர்சில்வர் கிண்ணம், இரண்டு' என்று எழுதிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளிலேயே பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். மேலத்தெருவில் ஒருத்தி, கம்பெனியில் புருஷன் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வேன் நின்ற இடத்திலேயே அவன் சட்டையைப் பிடித்தாள். மறுநாளிலிருந்து அவன் கம்பெனியில் வாயே திறக்கவில்லை. அவள் நாள் முழுக்க வெறும் மூச்சைக் கேட்டுக் கிடந்து அரை ஆளாகிவிட்டாள். அதனால், கேட்டதைக் கேட்டவளே வைத்துக்கொள்ள வேண்டும், ஆளிடம் கேட்கக் கூடாது என்று முடிவானது. ஆண் வீட்டில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. முத்துச்செல்வி இரண்டு வருஷம் இந்தச் சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள்.

நிம்மதி வந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. வரவில்லை. முன்பெல்லாம் வெளியே சத்தம் கேட்டால்தான் நெஞ்சு நிற்கும். இப்போது உள்ளே சத்தம் நின்றாலும் நெஞ்சு நின்றது. சலிக்கிற தாளம் லேசாகத் தடுமாறினால் அவள் கை பசைச் சட்டியில் அப்படியே நிற்கும். அவர் தண்ணீர் குடிக்கப் போனாரா, வெளிக்குப் போனாரா, சல்லடையில் கல் ஏதும் மாட்டியதா. மருந்தைச் சலிக்கும்போது ஒரு பொடிக்கல் உரசினால் போதும். இரண்டு நிமிஷம் கழித்துச் சர்க் என்று மறுபடியும் கேட்டால்தான் அடுத்த உருண்டையை எடுப்பாள். நாளுக்கு இருநூறு ஒட்டியவள் நூற்றிருபதுக்கு வந்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு உருண்டைக்குள் டிபன் பாக்ஸ் மூடி திறக்கும். ஒரு கவளம் உள்ளே போகும். பிறகு அந்தக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிச் சுற்றி வருகிற குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

"இன்னைக்கும் உப்புக் கூட."

முதல் நாள் கேட்டபோது முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது. மறுநாள் உப்பைக் குறைத்தாள். மறுநாளும் உருண்டை அதையேதான் சொன்னது. இன்னும் குறைத்தாள். ஒரு கட்டத்தில் குழம்புக்கு உப்பைக் காட்டிவிட்டு டப்பாவை மூடிவிடுவாள். மகள் இசைவாணி வாரத்துக்கு ஒரு ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்தாள். காளீஸ்வரன் எதுவும் சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். கம்பெனியில் வைத்துக் குறை சொல்கிற மனுஷன் வீட்டில் வாயைத் திறக்கிறானா பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் வேறு பயம் வந்தது. இவ்வளவு குறைத்தும் உப்புக் கரிக்கிறது என்றால் நாக்கில்தான் கோளாறு. மருந்துத் தூசி நாக்கில் இறங்கிவிட்டது.

அதற்குச் சாட்சியும் கிடைத்தது. துவைக்கப் போடும் சட்டையின் பையில் வெள்ளை வெள்ளையாகக் கல்லு கல்லாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெடியுப்பு என்று பார்த்த உடனே முடிவு கட்டினாள். மருந்தைப் பையில் போட்டு வீடு வரைக்கும் கொண்டுவருகிற அளவுக்கு இந்த ஆளுக்குக் கவனம் செத்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கலாம் என்றால், பேச்சு உருண்டை வரைக்கும் போய்விடும், சட்டம் இருக்கிறது. அடுப்புப் பக்கமே கொண்டுபோகாமல், அந்தச் சட்டைகளைத் தனி வாளியில் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், பையை வெளியே இழுத்து, கருவேல மரத்தடியில் உதறுவாள். உதறிய கையை மூன்று தடவை கழுவுவாள். இரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு புதன்கிழமை, பத்தே முக்காலுக்கு, உருண்டை நின்றது. இருமவில்லை, பேசவில்லை, மூச்சும் இல்லை. சர்க் என்று போன சல்லடை திரும்பி வரவில்லை. முத்துச்செல்வி கையில் காகிதத்தோடு எழுந்து நின்றாள். பதினெட்டு எண்ணுகிற நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெரு நாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன.

ஊர்ப் பெண்கள் முதலில் உருண்டைகளைப் பார்க்க ஓடினார்கள். அவரவர் வீட்டில் சத்தம் இருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே தெருவுக்கு வந்தபோது, முத்துச்செல்வி வாசல்படியில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். புகை கிழக்கே எழும்பியது. அவள் புருஷன் கம்பெனி மேற்கே இருந்தது. வெள்ளைத்தாய் மதினி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ முத்து, பொகை கெழக்க வருது பாரு. ஒன் வீட்டுக்காரன் கம்பெனி மேக்க இருக்கு. எதுக்கு இப்பிடி நிக்க?"

"உருண்ட நின்னுருச்சு மதினி."

திசையை நம்புவதா, உருண்டையை நம்புவதா என்றால், இரண்டு வருஷத்தில் உருண்டை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கம்பெனி ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. முத்துச்செல்வி ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினாள். பதினோரு கிலோமீட்டர் தூரமும் தாலியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, சாமி பேர் எதுவும் ஞாபகம் வராமல், ஏழே கால், ஏழே கால் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஓரிடத்தில் வெடித்தால் அன்று மற்ற கம்பெனிகளிலும் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் கூட்டமாக நின்றவர்களில் காளீஸ்வரனும் நின்றான். கையில் திறக்காத டிபன் பாக்ஸ். தலைமுடியில் வெள்ளித்தூள். ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்டாட்டியைப் பார்த்துப் பதறிப்போனான்.

"என்ன பிள்ள, இங்கன வந்து நிக்க? பாப்பாவுக்கு ஏதும் ஒன்னா?"

"உருண்ட நின்னுருச்சு."

"நாந்தான் நிக்கேன்ல," என்றான் அவன்.

அவள் அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு அதே இடத்தில் காதை வைத்தாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிற எண்ணமே இல்லை. உயிரோடு இருக்கிற சத்தம் உள்ளே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை பட்டதில்லை. திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்தில், அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. இவர் இங்கே நிற்கிறார் என்றால் அங்கே நின்றுபோனது யார்?

வீட்டுக்கு வந்ததும் உருண்டையை மடியில் வைத்து, தான் ஒட்டிய நாலு சுற்றுக் காகிதத்தையும் நனைத்து நனைத்து உரித்தாள். விளிம்புக்குக் கீழே பேர் வெளியே வந்தது. காளீஸ்வரன்தான். ஆனால் முன்னால் ஓர் எழுத்து இருந்தது. அவள் மாமனார் பெத்தணன், அதனால் அவள் வீட்டுப் பாத்திரங்களில் 'பெ' என்றுதான் இருக்கும். இதில் தேய்ந்த புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தால் 'வே' என்று வந்தது. காதுகுத்து வீட்டில் கிண்ணம் மாறியிருக்கிறது. பேர் பொருந்தியதால் முதலெழுத்தைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் காலைப் பேப்பரில் இறந்தவர்கள் பட்டியலில் மூன்றாவது பேர் இருந்தது. வே. காளீஸ்வரன், முப்பத்தெட்டு, சல்லடைப் பிரிவு.

இரண்டு வருஷம் அந்த மனிதரின் இருமலுக்காகத்தான் அவள் சுக்குக் காப்பி போட்டுத் தன் புருஷனுக்குக் கொடுத்தாள். அவர் தண்ணீர் குடிக்காத நாளில் அவளுக்குத் தொண்டை வறண்டது. அவர் போன நேரத்தில்தான் அவள் புளியமரத்தடியில் அவ்வளவு சந்தோஷப்பட்டாள். சாவு வீட்டுக்குப் போகவும் தைரியம் வரவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடியட்டும் என்று காத்திருந்தாள். உரித்த இடத்தில் புதுக் காகிதம் ஒட்டினாள், இந்தத் தடவை பேரை விட்டுவிட்டு ஒட்டினாள். காதுகுத்து வீட்டில் அவர் ஊரை விசாரித்துக்கொண்டு, உருண்டையைத் துண்டில் கட்டி பஸ் ஏறினாள்.

அவர் மனைவி பெயர் பத்திரகாளி. முத்துச்செல்வியைவிட நாலைந்து வயது மூத்தவள். அழ வந்தவர்கள் யாரோடும் சேர்ந்து அழாமல் பதினாறு நாளும் சும்மா உட்கார்ந்திருந்ததாக அந்தத் தெருவில் பேசிக்கொண்டார்கள். முத்துச்செல்வி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கிண்ணத்தில் இருந்த பேரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப எம் புருசன் பேசுனத ரெண்டு வருசமா நீ ஒக்காந்து கேட்டுருக்க."

"எம் புருசன்னு நெனச்சுத்தாங்க்கா கேட்டேன்."

"சரி. என்ன பேசுனாரு?"

முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "காலைல ரெண்டு தடவ இருமுவாரு. வேலைல பேச மாட்டாரு. மத்தியானம் பாக்ஸத் தொறந்து ஒரு வாய் வச்சதும், இன்னைக்கும் உப்புக் கூடன்னு சொல்லுவாரு. ஆனா ஒரு பருக்க மிச்சம் வைக்க மாட்டாரு அக்கா. பாக்ஸச் சொரண்டுற சத்தம் கேக்கும்."

பத்திரகாளி உருண்டையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே. எப்பிடி இருந்துச்சுன்னு தெனம் கேப்பேன். நல்லாருந்துச்சுன்னுதான சொல்லுவாரு." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பதினாறு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. முத்துச்செல்வி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துப் பத்திரகாளி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எம்புட்டுக் கூடன்னு சொன்னாரா?"

"அதச் சொல்லலக்கா."

"கடைசியா?"

"சலிச்சுக்கிட்டுத்தாங்க்கா இருந்தாரு. ஒன்னும் தெரிஞ்சிருக்காது."

பத்திரகாளி எழுந்து உள்ளே போய் ஒரு குழம்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பெ. காளீஸ்வரன் என்று அதில் பளிச்சென்று இருந்தது. "காதுகுத்துல மாறிருச்சு போல. பேரு சரியாத்தான இருக்குன்னு நானும் விட்டுட்டேன்," என்று சொல்லி அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். உருண்டையைத் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டாள். பிளக்கைச் சொருகிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை முத்துச்செல்வி சட்டைகளை வாளியில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பையை வெளியே இழுத்தாள். வெள்ளைக் கல் விழுந்தது. வழக்கம் போல உதறப் போன கை நின்றது. ஒரு கல்லை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். செத்தாலும் சரி என்று நாக்கில் வைத்தாள். வெறும் உப்பு. சமையல் கல்லுப்பு. இரண்டு வருஷமாக மனுஷன் கம்பெனிக்கு உப்பை மடித்துக் கொண்டுபோய்ச் சோற்றில் போட்டுத் தின்றிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து அழவும் செய்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டாள். காளீஸ்வரன் ஒரு வாய் வைத்ததும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவன் இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் சட்டைப் பையில் கல் எதுவும் இல்லை.

கிண்ணம்தான் வந்துவிட்டதே, இன்னோர் உருண்டை ஒட்ட வேண்டியதுதானே என்று மதினி கேட்டாள். சத்தம் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டாகிவிட்டது, போதும் என்றாள் முத்துச்செல்வி. பெ. காளீஸ்வரன் கிண்ணத்தில் அவள் உப்பைக் கொட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பழையபடி ஒரு காது தெருவில் இருக்கிறது. ஐந்தரைக்கு வேன் ஹாரன் கேட்கிற வரை அந்தக் காதுக்கு ஓய்வில்லை.

பத்திரகாளி எப்போதாவது போன் செய்வாள். கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி வாக்கில் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நாலு நாளாச்சு முத்து. பன்னெண்டரைக்கு உருண்டைல மூடி தொறக்குது. சாப்புடுற சத்தம் கேக்குது. பாக்ஸையும் சொரண்டுறாரு."

"என்னமும் சொல்றாராக்கா?"

"இல்ல. நான் உப்பக் கொறச்சிட்டேன்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்க்கா," என்றாள் முத்துச்செல்வி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடுத்த அரை உருண்டைக்குப் பசை தடவினாள்.